ஜன்னலோர இருக்கை: எந்தப் பக்கம், எந்த வரிசை?

அமெரிக்காவிலுள்ள பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் பெற்றோருக்கு விமானப் பயணச்சீட்டு பதிவுசெய்து தருவது எங்கள் அலுவலகத்தின் அன்றாட வேலை. அவர்களில் பலர் "ஜன்னல் சீட்டாகப் போட்டுவிடுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அதற்கு விமான நிறுவனம் கேட்கும் கூடுதல் கட்டணத்தையும் தயங்காமல் செலுத்துகிறார்கள். ஜன்னல் கிடைத்தால் காட்சியும் கிடைத்துவிடும் என்று நம்பி, பத்து மணி நேரமும் இறக்கையின் உலோகத் தகட்டையே பார்த்துக்கொண்டு போய்ச் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். பணம் கட்டுமுன் சூரியன் எந்தப் பக்கம் இருக்கும், இறக்கை எங்கே இருக்கும் என்ற இரண்டையும் பார்த்துவிட வேண்டும்.

சென்னையிலிருந்து லண்டன் வழியாக சான் பிரான்சிஸ்கோ செல்லும் பயணத்தை எடுத்துக்கொள்வோம். லண்டனில் முற்பகலில் புறப்படும் விமானம் சூரியன் போகும் திசையிலேயே மேற்கு நோக்கிப் பறப்பதால், பயணத்தின் பெரும்பகுதி பகலாகவே இருக்கும். சூரியனோ தெற்கில், அதாவது விமானத்தின் இடப்பக்கத்தில் நிற்கும். A என்று குறிக்கப்படும் இடக்கோடி ஜன்னலில் அமர்ந்தவர் கூச்சம் தாங்காமல் திரையை இறக்கிவிடுவார். K அல்லது L என்று குறிக்கப்படும் வலக்கோடி ஜன்னலில் இருப்பவருக்கோ, ஒளி முதுகுப்பக்கமிருந்து விழுவதால், கீழே உள்ளதெல்லாம் துலக்கமாகத் தெரியும். மேகத்தின் மீது விழும் விமானத்தின் நிழலைச் சுற்றி வண்ண வளையங்கள் தோன்றுவதும் சூரியனுக்கு எதிர்ப்பக்கத்தில்தான்.

புறப்பட்டு ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் கிரீன்லாந்தின் கிழக்குக் கரை வரும். பனிப்பாறைகள் நதிபோல வளைந்து இறங்கிக் கடலைத் தொடும் இடத்தில், கருநீல நீரின் மேல் உடைந்த பனிக்கட்டிகள் உப்புக் கற்களாகச் சிதறிக் கிடக்கும். அந்நேரம் உணவு முடிந்து, விளக்கை அணைத்து, திரைகளை மூடச் சொல்லியிருப்பார்கள் என்பதால் பெரும்பாலான பயணிகள் அதைத் தூங்கியே கடக்கிறார்கள். முன்னிருக்கையின் திரையில் ஓடும் வரைபடத்தைக் கவனித்திருந்து, அந்த நேரத்தில் மட்டுமாவது ஜன்னல் திரையைச் சற்று உயர்த்திப் பாருங்கள். போயிங் 787 வகை விமானத்தில் இழுக்கும் திரைக்குப் பதிலாகக் கண்ணாடியே மங்கும். அதைப் பணியாளர்கள் மொத்தமாக இருட்டாக்கிவிட முடியும். அப்போது பணிவாகக் கேட்டுப் பார்க்கலாம். அட்லாண்டிக் மேல் செல்லும் பாதைகள் காற்றின் போக்கையொட்டி நாள்தோறும் மாறுபவை. கிரீன்லாந்து தெரிந்தே தீரும் என்று எந்த முகவர் உறுதி சொன்னாலும் நம்ப வேண்டாம்.

திரும்பும் பயணம் பெரும்பாலும் இரவில் அமைவதால் கணக்கு மாறும். கிழக்கு நோக்கிப் பறக்கையில் வடக்கு இடப்பக்கம் வரும். குளிர்கால இரவுகளில், வட வானில் வண்ணத் திரைபோல் அசையும் துருவ ஒளி தென்பட்டால் அது பெரும்பாலும் அந்தப் பக்கமே. கோடையில் அந்த வட அட்சங்களில் வானம் முழுதாக இருட்டாது என்பதால், அப்போது லண்டனில் இறங்கும்போது தெரியும் காட்சிக்காக நான் வலப்பக்கத்தையே பரிந்துரைப்பேன். காற்று மேற்கிலிருந்து வீசும் நாட்களில், அவையே அதிகம், லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்துக்கு வரும் விமானம் நகரின் மேல் கிழக்கிலிருந்து இறங்கும். தேம்ஸ் நதியும் பாலங்களும் நாடாளுமன்றமும் வலப்பக்க ஜன்னலில் வரிசையாக வரும். சென்னையிலிருந்து லண்டன் போய் இறங்குபவர்களுக்கும் இது பொருந்தும்.

வரிசையைப் பொறுத்தவரை, பெரிய விமானங்களில் சாதாரண வகுப்பின் கணிசமான பகுதி இறக்கையின் மேலேயே அமைந்துவிடுகிறது. இறக்கைக்கு முன்னால் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் அதன் பின்விளிம்பைத் தாண்டிச் சில வரிசைகள் தள்ளி எடுங்கள். என்ஜினின் வெப்பக் காற்று அங்கே முன்பக்கக் காட்சியைக் கானல்போல் கலக்கும், ஆனால் நேர்கீழும் பின்புறமும் தெளிவாகவே இருக்கும். ஜன்னல்களின் இடைவெளி விமானத்தின் கட்டமைப்பைச் சார்ந்தது, இருக்கைகளின் இடைவெளியோ விமான நிறுவனத்தின் முடிவு. இரண்டும் பொருந்தாத வரிசையில் உங்கள் தோளருகே வெறும் சுவர் இருக்கும். போயிங் 737இல் இறக்கைக்குச் சற்று முன்னால் குளிர்சாதனக் குழாய் செல்லும் இடத்தில் ஜன்னலே இல்லாத இருக்கையும் உண்டு. எனவே இருக்கை வரைபடத்தை உங்கள் விமானத்தின் வகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புறப்பாட்டுக்கு முன் விமானத்தை மாற்றினால் இருக்கை எண்களும் இடம் மாறும் என்பதால், இணையவழிச் செக்-இன் செய்யும்போது வரைபடத்தை மறுபடியும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.