ஒரு சேவையகம், இருபது திரைகள்

நான் படிப்பித்த காலத்தில் பாடசாலையில் ஒரு பாடவேளை 40 நிமிடம். கிளிநொச்சிப் பக்கம் நான் கணினி படிப்பித்த பாடசாலையில் முதல் பத்து நிமிடம் கணினிகள் கண்விழிக்கவே போய்விடும். இருபதில் பன்னிரண்டு விழித்தால் அது நல்ல நாள். மிச்சத்தில் ஒன்றின் விசிறி செம்புழுதியில் இறுகியிருக்கும், இன்னொன்றுக்குள் எறும்பு குடியிருக்கும். பிள்ளைகள் மூன்று பேராக ஒரு திரைக்கு முன் நெருங்கியிருந்து ஒரு கடிதத்தைத் தட்டச்சு செய்து முடிக்கிற நேரம் பார்த்துக் கரண்ட் போகும். சேமிக்காத கடிதம் போனது போனதுதான். பக்கத்துக் களஞ்சிய அறையில் திருத்த முடியாத பழைய கணினிகள் கூரைவரை அடுக்கிக் கிடந்தன.

அந்த அறையைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கேள்வி வரும். கடிதம் எழுதும் பிள்ளைக்கு இவ்வளவு பெரிய கணினி எதற்கு? இன்றைய செயலி ஒன்று ஒரு நொடியில் நூறு கோடிக் கணக்கில் துடிக்கிறது. பிள்ளை ‘அ’ என்ற எழுத்தைத் தேடிக் கண்டுபிடித்து விசையை அழுத்தும்வரை அது சும்மாதான் காத்திருக்கிறது. சும்மா இருந்தாலும் மின்சாரம் குடிப்பதை நிறுத்தாது. பழைய மேசைக் கணினி என்றால், உச்ச வேலையில் எடுப்பதில் ஏறத்தாழப் பாதியை வெறுமனே இருக்கும்போதும் இழுக்கும்.

இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்பவர்களுக்கு இதற்கான தீர்வைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஒவ்வொரு வயலுக்கும் ஒரு கிணறு வெட்டி, ஒரு பம்ப் வைத்து இறைக்கலாம். அல்லது ஒரு குளத்தைக் கட்டி, துருசைத் திறந்து, வாய்க்கால் வழியே முறை வைத்துப் பாய்ச்சலாம். எல்லா வயலுக்கும் ஒரே கணத்தில் தண்ணீர் வேண்டியதில்லை என்பதால்தான் அந்த முறை நடக்கிறது. மெய்நிகராக்கம் என்பதும் இதே ஏற்பாடுதான். வலுவான ஒரு கணினியைச் சேவையகமாக வைத்து, அதன் செயலியையும் நினைவகத்தையும் இருபது பேருக்கு முறை வைத்துப் பங்கிடுகிறோம்.

பங்கிடுகிற வேலையைச் செய்யும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். அது சேவையகத்துக்குள் இருபது ‘மெய்நிகர்ப் பொறிகளை’, அதாவது மென்பொருளாலான கணினிகளை, உருவாக்குகிறது. ஒவ்வொன்றிலும் விண்டோஸோ லினக்ஸோ தனித்தனியே ஓடும். கணினியை இயக்கும் இந்த அடிப்படை மென்பொருள்கள், அதாவது பணிசெயல் முறைமைகள், ஒவ்வொன்றும் இந்த இயந்திரம் முழுக்கத் தனக்குத்தான் சொந்தம் என்று நம்பிக்கொண்டிருக்கும். வன்பொருளை நேரடியாகத் தொடும் கட்டளை ஒன்றை அது இட்டால், ஹைப்பர்வைசர் குறுக்கே பிடித்து, மற்றவர்களுக்குப் பாதகமில்லாமல் தானே நிறைவேற்றிக் கொடுக்கும். ஒருவருக்குச் சில மில்லிநொடி, அடுத்தவருக்குச் சில மில்லிநொடி என்று செயலி சுற்றிச் சுற்றி வரும். அந்தச் சுற்று அவ்வளவு வேகம் என்பதால் யாருக்கும் காத்திருப்பது தெரியாது.

நினைவகத்தில் நடப்பது இன்னும் அழகு. இருபது பொறிகளிலும் ஓடுவது ஒரே முறைமை என்றால், நினைவகத்தின் பல துண்டுகள் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருக்கும். அவற்றைக் கண்டுபிடித்து ஒரு பிரதியை மட்டும் வைத்துக்கொள்ளும் வசதி லினக்ஸில் 2009 முதல் உண்டு. வன்தட்டிலும் அப்படியே. அடிப்படைப் பிரதி ஒன்று, ஒவ்வொரு பிள்ளையும் செய்த மாற்றங்கள் மட்டும் தனித்தனியே. ஆசிரியருக்கு இதில் பெரிய ஆறுதல் உண்டு. யுனிகோட் விசைப்பலகையையும், பழைய வினாத்தாள்களைத் திறக்கத் தேவையான பாமினி எழுத்துருவையும் அடிப்படைப் பிரதியில் ஒருமுறை நிறுவினால் இருபது பேருக்கும் வந்துவிடும். யாரோ ஒரு பிள்ளையின் பென் டிரைவில் வைரஸ் வந்தால், அந்தப் பிள்ளையின் பொறியை மட்டும் அழித்துவிட்டு மறுபடி உருவாக்கலாம்.

இது புதிய கண்டுபிடிப்பல்ல. 1960களில் ஐபிஎம் தன் பெரும் கணினிகளைப் பலர் பங்கிட்டுப் பயன்படுத்தச் செய்த ஏற்பாடுதான் இதன் வேர். பிறகு கணினி மலிந்தது, ஆளுக்கொரு பெட்டி வந்தது. சாதாரணச் செயலிகளிலேயே இதற்கான வசதியை இன்டெல் 2005 இலும் ஏஎம்டி 2006 இலும் சேர்த்தபோது, பங்கிடும் வழி சிறிய இடங்களுக்கும் கைக்கெட்டியது.

சரி, பிள்ளையின் மேசையில் என்ன இருக்கும்? திரை, விசைப்பலகை, சுட்டி, கையடக்கமான ஒரு சின்னப் பெட்டி. விசை அழுத்தல்களை வலையமைப்பு வழியே சேவையகத்துக்கு அனுப்பி, அங்கிருந்து வரும் படத்தைத் திரையில் காட்டுவதுதான் அந்தப் பெட்டியின் வேலை. அதற்கு 10 வாற்று போதும். பெரும்பாலும் விசிறியும் இல்லை, சுழலும் வன்தட்டும் இல்லை. புழுதியை உள்ளே உறிஞ்ச எதுவும் இல்லாததால், மாரி முடிந்ததும் செம்மண் பறக்கும் எங்கள் ஊர்களுக்கு இது பெரிய விஷயம்.

ஒரு கணக்குப் போடுவோம். மேசைக் கணினியும் தட்டைத் திரையும் சேர்ந்து 100 வாற்று என்றால் இருபதுக்கு 2,000 வாற்று. உடுப்பு அழுத்தும் இரண்டு மின்னழுத்திகளை வகுப்பறையில் விடாமல் எரியவிட்டது போன்ற சூடு அது. வன்னி வெயிலில் அந்தச் சூட்டை வெளியேற்ற ஏசி போட்டால் அதற்கு வேறு மின்சாரம். பங்கிடும் முறையில் சின்னப் பெட்டியும் திரையும் 30 வாற்று, இருபதுக்கு 600. சேவையகத்துக்கு 250 சேர்த்தால் 850. நாளுக்கு ஐந்து மணி நேரம், ஆண்டுக்கு 180 நாள் என்றால் ஏறத்தாழ 1,000 அலகு மிச்சம்.

நல்ல தொகைதான். ஆனால் என்னைக் கேட்டால், பெரிய மிச்சம் மின்சாரத்தில் இல்லை. ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகம் 2004 இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு மேசைக் கணினியையும் அந்தக்காலத்துக் குழாய்த் திரையையும் செய்து முடிக்க 240 கிலோ புதைபடிவ எரிபொருளும் 22 கிலோ இரசாயனங்களும் 1.5 தொன் தண்ணீரும் செலவாகின. இன்றைய கணினிக்கு அளவு மாறியிருக்கும். இருந்தாலும் அந்தக் கணக்கில் இருபது கணினிக்கு 4,800 கிலோ எரிபொருள். நாம் மிச்சம் பிடித்த 1,000 அலகும் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் நிலக்கரியில் எடுத்ததாகவே வைத்தாலும், அதற்கு எரிவது ஏறத்தாழ 500 கிலோதான். ஆக, இருபது கணினியையும் திரையையும் செய்ய எரிந்தது பத்து வருட மின்சாரச் சேமிப்புக்குக் கிட்ட நிற்கிறது.

அதனால்தான் களஞ்சிய அறை எனக்கு முக்கியம். 2022 இல் உலகம் 6.2 கோடி தொன் மின்கழிவை உருவாக்கியது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது அதில் 22.3 வீதம்தான். குழாய்த் திரைகளின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. வளவின் மூலையில் போட்டு உடைத்தாலோ எரித்தாலோ அது மண்ணில் சேரும், எங்கள் கிணற்றுத் தண்ணீரும் அதே மண்ணுக்குள்தான். 2025 அக்டோபரில் விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவும் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11ஐ ஏற்காத, ஆனால் நன்றாக வேலை செய்யும் கணினிகள் ஏராளம். அவற்றின் வன்தட்டைக் கழற்றிவிட்டு, வலையமைப்பிலிருந்தே தொடங்கும்படி மாற்றினால், பழைய பெட்டியே சேவையகத்தைப் பார்க்கும் சன்னலாகிவிடும். புதிய சின்னப் பெட்டியைவிட மின்சாரம் கூடத்தான் எடுக்கும். ஆனாலும் அது தானாகச் சாகும்வரை ஓடவிட்டு, பிறகு மாற்றுவதே சரி என்பது என் முடிவு.

அப்புறம் அந்தக் கரண்ட். 2022 மார்ச்சில் இலங்கையில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இருபது கணினிக்கும் யூபிஎஸ் வாங்க எந்தப் பாடசாலையாலும் முடியாது, ஒரு சேவையகத்துக்கு முடியும். திரைகள் அணைந்தாலும், யூபிஎஸ் தாங்கும்வரை பிள்ளையின் கடிதம் சேவையகத்தில் அப்படியே திறந்திருக்கும். அதற்குள் கரண்ட் வந்தால் விட்ட எழுத்திலிருந்து தொடரலாம். 850 வாற்று என்றால் கூரையில் போடும் சூரியத் தகடும் மின்கலமும் பாதிக்கும் கீழே குறையும்.

குறைகளையும் சொல்லவேண்டும். சேவையகம் படுத்தால் வகுப்பே படுத்துவிடும். மாற்று மின்வழங்கி, இன்னொரு வன்தட்டில் பிரதி, இரண்டும் முதல் நாளிலிருந்தே வேண்டும். விண்டோஸ் என்றால் உரிமக் கட்டணம் கூடும். முழு மெய்நிகர்ப் பொறி ஆளுக்கொன்று தேவையில்லாத வகுப்புகளில், ஒரே லினக்ஸில் இருபது பேரும் உள்நுழையும் எளிய முறையே போதும். எல்டிஎஸ்பி என்ற இலவசத் திட்டம் 1999 இல் அப்படித்தான் தொடங்கியது.

தொடங்குபவர்கள் ஐந்து மேசையோடு தொடங்கலாம். முதல் சோதனையாக ஐந்திலும் ஒரே நேரத்தில் காணொளி ஓடவிட்டுப் பாருங்கள். கடிதத்தில் திரையின் ஒரு மூலைதான் மாறும், காணொளியிலோ முழுத் திரையும் நொடிக்கு இருபத்தைந்து தடவை மாறும். படம் தடுக்கினால், சேவையகத்தைக் குறை சொல்லும் முன் கணினிகளை இணைக்கும் பழைய வலையமைப்பு சுவிட்சைக் கழற்றிவிட்டு, தரவை வேகமாகக் கடத்தும் ஒரு கிகாபிட் சுவிட்சைப் போட்டுப் பாருங்கள்.