அம்புக்குறியின் வால்

கரிம வேதியியலில் வினைவழிமுறையை, அதாவது ஒரு வினை படிப்படியாக நடக்கும் விதத்தை, வரையும் மாணவர்கள் பெரும்பாலும் அம்புக்குறியின் முனையையே பார்க்கிறார்கள். தவறு நேர்வதோ வாலில்தான்.

வளைந்த அம்புக்குறி இரண்டு எலக்ட்ரான்களின் பயணத்தைக் காட்டுகிறது. ஆகவே அதன் வால் எலக்ட்ரான்கள் இருக்கும் இடத்தில், அதாவது தனித்த இணையிலோ (பிணைப்பில் சேராத எலக்ட்ரான் இணை) பிணைப்பிலோ, தொடங்க வேண்டும். ஹைட்ரஜன் அயனியிலிருந்து அம்பைக் கிளப்பினால், எலக்ட்ரானே இல்லாத ஒன்றிடம் எலக்ட்ரான் கேட்டதாகிவிடும். 1922இல் வேதியியலாளர்கள் கெர்மாக்கும் ராபர்ட் ராபின்சனும் பயன்படுத்திய இந்த அம்புக்குறி இன்று உலகெங்கும் வேதியியலின் பொதுமொழி.

அமிலமும் ஆல்கஹாலும் இணைந்த சேர்மமான எஸ்டரைச் சோடியம் ஹைட்ராக்சைடு சிதைக்கும் வினையை எடுத்துக்கொள்வோம். எஸ்டரில் உள்ள கார்பனைலின் (கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பால் இணைந்த தொகுதி) ஆக்சிஜன் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுப்பதால் அங்குள்ள கார்பனில் பற்றாக்குறை. ஹைட்ராக்சைடின் தனித்த இணையிலிருந்து முதல் அம்பு அந்தக் கார்பனுக்குப் போகிறது. கார்பன் ஐந்து பிணைப்புகளைத் தாங்காது. எனவே அதே கணத்தில் இரட்டைப் பிணைப்பின் ஓர் இணை ஆக்சிஜன்மேல் ஏறுகிறது. இது இரண்டாவது அம்பு. இப்போது கார்பனைச் சுற்றி நான்கு தொகுதிகள் நான்முகியாக நிற்கின்றன. அடுத்து, ஆக்சிஜன்மேல் ஏறிய இணை இறங்கி இரட்டைப் பிணைப்பை மீண்டும் அமைக்க, எஸ்டரின் ஆல்கஹால் பகுதி ஆல்காக்சைடு அயனியாக வெளியேறுகிறது; எஞ்சுவது கார்பாக்சிலிக் அமிலம். ஆல்காக்சைடு உடனே அந்த அமிலத்தின் புரோட்டானைப் பறித்து ஆல்கஹாலாகிறது. புரோட்டானை இழந்த அமிலமான கார்பாக்சிலேட்டு அயனி ஆல்கஹாலின் தாக்குதலுக்கு இடம் கொடுக்காததால் வினை திரும்பிப் போவதில்லை.

ஆனால், ஹைட்ராக்சைடு ஆல்கைல் பக்கத்துக் கார்பனை (எஸ்டரின் ஆல்கஹால் பகுதியில் ஆக்சிஜனுடன் இணைந்த கார்பன்) நேரடியாகத் தாக்குவதாகவும் அம்பு போடலாமே? தாளில் விதி எதுவும் மீறப்படவில்லை, விளைபொருள்களும் அவையே. ஆல்கஹாலில் உள்ள ஆக்சிஜன் எங்கிருந்து வந்தது என்பது மட்டுமே வேறுபாடு. 1934இல் பொலானியும் சாபோவும் கன ஆக்சிஜன் (எடை மிகுந்த ஆக்சிஜன் ஐசோடோப்பு) செறிந்த நீரில் பென்டைல் அசிட்டேட்டு என்ற எஸ்டரைக் காரம் சேர்த்துச் சிதைத்தார்கள். ஆல்கஹாலில் கன ஆக்சிஜன் சேரவில்லை. நீரின் ஆக்சிஜன் அமிலத்தின் பக்கமே போயிருந்தது; அதாவது ஹைட்ராக்சைடு தாக்கியது கார்பனைலின் கார்பனையே. அம்புக்குறியைச் சோதனைச்சாலையில் சரிபார்க்க முடியும் என்பதற்கு இதைவிட அழகான சான்று எனக்குத் தெரியாது.

அதற்காக எல்லா எஸ்டருக்கும் இதையே வரைந்துவிடக் கூடாது. மூன்றாம்நிலை பியூட்டைல் அசிட்டேட்டு அமிலத்தில் சிதையும்போது ஆல்கைல் பக்கத்துப் பிணைப்பே உடைகிறது. மூன்று மெத்தில் தொகுதிகள் தாங்கிப் பிடிப்பதால் நேர்மின்சுமை கொண்ட கார்பன் சற்று நேரம் நிலைத்து நிற்கிறது. நீர் பிறகு வந்து அதனுடன் சேர்கிறது. அங்கே ஆல்கஹாலின் ஆக்சிஜன் நீரிலிருந்து வந்தது. முதல் அம்பு கார்பனைல் ஆக்சிஜனின் தனித்த இணையிலிருந்து அமிலத்தின் புரோட்டானுக்குப் போகும்; அடுத்து, பிணைப்பை உடைக்கும் அம்பின் வால் கார்பன்–ஆக்சிஜன் பிணைப்பில் இருக்கும்.