நேராகத் தெரிகிறது, கூட்டினால் பூஜ்ஜியம்

இன்னொரு எக்ஸெல் ஃபைல் வந்திருக்கிறது. கண்ணுக்கு அழகான பட்டியல். ஆனால் பட்டியலில் தேடி எடுக்கும் வி-லுக்கப் (VLOOKUP) ஃபார்முலா போட்டால் பாதிப் பெயர்கள் கிடைக்கவில்லை. "எக்ஸெல்லில் ஏதோ கோளாறு" என்று கூடவே ஒரு குறிப்பு! பெயர்களை செல்லின் நடுவுக்குத் தள்ள யாரோ ஸ்பேஸ்பாரைத் தட்டித் தீர்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

எத்தனை முறை சொல்வது? ஸ்பேஸும் ஓர் எழுத்துதான். 'மலர்' என்பதும், பின்னால் ஒரு ஸ்பேஸ் ஒட்டிய 'மலர்' என்பதும் நம் கண்ணுக்கு ஒன்று. எக்ஸெல்லுக்கு வேறு வேறு. சந்தேகமா? எழுத்துகளை எண்ணும் லென் (LEN) ஃபார்முலா போட்டுப் பாருங்கள். மூன்றெழுத்து மலருக்கு 4 என்று வரும். பயப்படாதீர்கள், புள்ளியையும் தனியாக எண்ணுகிறது. 5 வந்தால் ஒரு ஸ்பேஸ் ஒளிந்திருக்கிறது. உள்ளே தள்ளிக் காட்டத்தான் இன்டென்ட் பட்டன் இருக்கிறதே, அதை ஏன் யாரும் தொடுவதில்லை?

டிரிம் (TRIM) ஃபார்முலா போட்டால் முன்னும் பின்னும் உள்ள ஸ்பேஸ் போய்விடும், சொற்களுக்கு நடுவில் ஒன்றுதான் மிஞ்சும். "டிரிம் போட்டும் போகவில்லை" என்பவர்கள் அநேகமாக இணையப் பக்கத்திலிருந்து காப்பி செய்தவர்கள். அது எழுத்துக் குறியீட்டு எண் 160 கொண்ட வேறு வகை ஸ்பேஸ், அதாவது CHAR(160). டிரிம் அதைத் தொடாது. முதலில் சப்ஸ்டிட்யூட் (SUBSTITUTE) ஃபார்முலா மூலம் அதைச் சாதா ஸ்பேஸாக மாற்றுங்கள், அப்புறம் டிரிம். முடிந்ததும் ஃபார்முலா இல்லாமல் வேல்யூவாக மட்டும் பேஸ்ட் செய்யுங்கள்.

அடுத்து, தயவுசெய்து எடுத்த எடுப்பில் எல்லா செல்லையும் சென்டர் செய்யாதீர்கள். எதுவும் மாற்றாதவரை எண்கள் வலப்பக்கமும் எழுத்துகள் இடப்பக்கமும் ஒட்டி நிற்கும். இடப்பக்கம் நிற்கும் எண், எழுத்தாகப் பதிவான எண். கூட்டல் ஃபார்முலாவான சம் (SUM) அதைக் கூட்டாமல் தாண்டிப் போய்விடும், பிழை என்றுகூடச் சொல்லாது. சென்டர் செய்துவிட்டால் அதைக் கண்டுபிடிக்க இருந்த எளிய வெளித்தடயமும் போச்சு. செல் ஃபார்மேட்டை நம்பர் என்று மாற்றினால் மட்டும் சரியாகாது. ஸ்பேஸை நீக்கிவிட்டு, டேட்டா மெனுவில் உள்ள டெக்ஸ்ட் டு காலம்ஸ் (Text to Columns) திறந்து ஃபினிஷ் கொடுங்கள். போன் எண், பூஜ்ஜியத்தில் தொடங்கும் குறியீடு இவற்றில் மட்டும் கை வைக்காதீர்கள்; முன்னால் உள்ள பூஜ்ஜியம் காணாமல் போகும்.

தலைப்புக்காகப் பல செல்களை ஒன்றாக மெர்ஜ் செய்யும் பழக்கத்தையும் விடுங்கள், வரிசைப்படுத்தும்போது (Sort) முரண்டு பிடிக்கும். அலைன்மென்ட் பகுதியில் 'சென்டர் அக்ராஸ் செலக்‌ஷன்' இருக்கிறது. பார்வைக்கு அதே அழகு.

இதையெல்லாம் தொடங்கும் முன் ஃபைலை ஒரு நகல் எடுத்து வையுங்கள். மூலத்தை அழித்துவிட்டு என்னிடம் ஓடி வந்தால் நானும் சும்மா பார்த்துக்கொண்டுதான் நிற்க வேண்டும்.