சூழல்மாறி: சேர்த்து எழுத வேண்டிய சொல்

ஒரே கணினியில் இரண்டு முனையச் சாளரங்கள் திறந்திருக்கின்றன. இரண்டிலும் 'பிஎஸ்கியூஎல்' என்று தட்டி என்டர் அழுத்துகிறேன். அது போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தோடு பேச உதவும் நிரல். வேறு எதுவும் சேர்க்கவில்லை. முதல் சாளரம் என் கணினியிலேயே இருக்கும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தைத் திறக்கிறது. இரண்டாவது, வேறு ஊரில் இருக்கும் சர்வருக்குப் போய் நிற்கிறது. கட்டளை ஒன்றுதான், நிரலும் ஒன்றுதான், தட்டிய கையும் ஒன்றுதான். காலையில் இரண்டாவது சாளரத்தில் மட்டும் 'எக்ஸ்போர்ட் பிஜிஹோஸ்ட்' என்று ஆரம்பித்து அந்த சர்வரின் முகவரியைக் கொடுத்திருந்தேன். முகவரி கட்டளைக்குள் இல்லை. கட்டளையைச் சுற்றி இருந்தது.

இப்படிச் சுற்றி இருந்துகொண்டு நிரலின் போக்கைத் தீர்மானிப்பதைத்தான் என்விரான்மென்ட் வேரியபிள் என்கிறோம். தமிழில் 'சூழல் மாறி' என்று பலரும் எழுதுகிறார்கள். தரவுத்தளக் கருவிகளுக்குத் தமிழில் கையேடு எழுத உட்கார்ந்தபோது நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன். சொல் சரி. நடுவில் விடுகிற இடைவெளிதான் தொல்லை. அதற்கு முன் பொருளைப் பார்த்துவிடலாம். (மாறிகளின் பெயர்களை இங்கே ஒலிக்கிறபடி தமிழில் எழுதுகிறேன். தட்டும்போது அவை முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்துகள். யூனிக்ஸ் வகைக் கணினிகளில் சிறிய எழுத்தில் தட்டினால் அது வேறு பெயராகிவிடும்.)

இந்த ஏற்பாடு இன்றைய வடிவில் வந்தது 1979-இல், பெல் ஆய்வகத்தின் யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில். ஒரு நிரல் இன்னொரு நிரலைத் தொடங்கும்போது அதன் கையில் இரண்டு மூட்டைகளைக் கொடுக்கிறது. ஒன்று, கட்டளையாகத் தட்டிய சொற்கள். மற்றொன்று, 'பெயர்=மதிப்பு' என்ற வடிவில் அடுக்கி வைத்த சரங்கள், அதாவது எழுத்துத் தொடர்கள். இந்த இரண்டாவது மூட்டைக்குத்தான் சூழல் என்று பெயர். அதில் உள்ள ஒவ்வொரு சரமும் ஒரு மாறி.

வெளியூர் போகிறவருக்குக் கட்டிக்கொடுக்கும் கட்டுச்சோறு போலத்தான் இது. புறப்படும் நேரத்தில் வீட்டில் என்ன இருந்ததோ அதில் ஒரு பங்கு இலையில் மடித்துக் கொடுக்கப்படுகிறது. பிள்ளை வண்டி ஏறிய பிறகு வீட்டில் குழம்பை மாற்றினால் பொட்டலத்துக்குள் இருப்பது மாறாது. பிள்ளை வழியில் உப்பைக் கூட்டிக்கொண்டால் வீட்டுக் குழம்பில் உப்பு கூடாது. ஓடும் நிரலைச் செயல்முறை என்கிறோம். முனையத்தில் தட்டும் கட்டளைகளை வாங்கி நிரல்களைத் தொடங்கும் ஷெல் தாய்ச் செயல்முறை, பிஎஸ்கியூஎல் சேய்ச் செயல்முறை. தாயிடம் இருந்த சூழலின் நகல் ஒன்று சேய்க்குப் போகிறது. அதன் பிறகு இரண்டுக்கும் தொடர்பில்லை. ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கு வெளியே இருந்து சூழலை மாற்றிவிட்டு, 'ஏன் இன்னும் பழைய சர்வரிலேயே நிற்கிறது?' என்று கேட்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அவர்களுக்குத் தேவையானது இந்த ஒரு பத்தி.

ஆங்கிலச் சொல்லின் வேர் பிரெஞ்சில் இருக்கிறது. 'விரோன்' என்றால் வட்டம், சுற்று. அதிலிருந்து 'என்விரோன்', அதாவது சுற்றிலும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாமஸ் கார்லைல் ஜெர்மன் மொழியின் 'உம்கேபுங்' என்ற சொல்லுக்கு ஈடாக என்விரான்மென்ட் என்பதைப் பயன்படுத்தினார். அங்கும் பொருள் ஒருவரைச் சுற்றி அமைந்த நிலைதான். காடு, காற்று, ஆறு என்ற பொருள் அதன் மேல் பிற்பாடு ஏறியது. சி மொழியில் இந்தச் சரங்களின் பட்டியலைச் சுட்டும் மாறிக்கு 'என்விரான்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சுருக்கி வைத்த பெயர் பழைய பிரெஞ்சு வேரிலேயே போய் நின்றுவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த தற்செயல்களில் இதுவும் ஒன்று.

தமிழில் சூழ் என்ற வேர் இதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. கடல் சூழ்ந்த தீவு, மேகம் சூழ்ந்த வானம் என்கிறோம். சூழ்தலுக்கு ஆராய்தல், எண்ணுதல் என்ற பழைய பொருளும் உண்டு. திருக்குறளின் 380-ஆம் குறளில் வரும் 'சூழினும்' என்பது 'எண்ணினாலும்' என்ற பொருளில்தான் நிற்கிறது. நல்ல ஆலோசனையைக் குறித்த சூழ்ச்சி பிறகு சதியைக் குறிக்கும் சொல்லானதும் இதே வேரிலிருந்துதான். அந்தக் கிளை நமக்கு வேண்டாம். சுற்றி நிற்றல் என்ற கிளையில் பிறந்த சூழல் போதும்.

ஆனால் பொறிவழி மொழிபெயர்ப்புகளில் 'சுற்றுச்சூழல் மாறி' என்று வந்துவிடுகிறது. படிக்கிறவர் மனதில் மரமும் மழையும்தான் வருகின்றன. சுற்றுச்சூழல் என்பது இன்று இயற்கைக்கே எழுதிக்கொடுத்துவிட்ட சொல். அதை அங்கேயே விட்டுவிடுவது நல்லது.

அடுத்தது மாறி. இது பள்ளிக் கணக்குப் புத்தகத்திலிருந்தே நம்மோடு வருகிற சொல். எக்ஸ், ஒய் எல்லாம் மாறிகள். மாறாதது மாறிலி, மாறு என்பதோடு 'இலி' சேர்ந்தது, அறிவிலி போல. மாறி என்பதில் மாறு என்ற வினையோடு 'இ' என்ற விகுதி சேர்ந்திருக்கிறது. நம் அறிவியல் தமிழில் இந்த இகர விகுதிக்கு ஓயாத வேலை: கடத்தி, இயக்கி, பெருக்கி, வழங்கி, உலாவி. வினையைச் செய்வது எதுவோ அதற்கே பெயர்.

இங்கே ஒரு எழுத்துப் பிழை பொருளையே திருப்பிவிடும். 'சூழல் மாற்றி' என்று சிலர் எழுதுகிறார்கள். மாற்றி என்றால் வேறொன்றை மாற்றுவது. தெருமுனையில் நிற்கும் டிரான்ஸ்ஃபார்மரை மின்மாற்றி என்பது அதனால்தான். பிஜிஹோஸ்ட் சூழலை மாற்றும் கருவி அல்ல. சூழலுக்குள் இருந்துகொண்டு தன் மதிப்பு மாறக்கூடியது. எனவே மாறிதான்.

மதிப்பு உண்மையில் மாறுகிறதா என்று கேட்கலாம். பிஎஸ்கியூஎல்லின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது தொடங்கும்போது கிடைத்த ஒரு கொடை. 'சூழல் மதிப்பு' என்று சொன்னாலும் தப்பில்லை. சில நாள் அப்படி எழுதியும் பார்த்தேன். 'பிஜிஹோஸ்ட் சூழல் மதிப்பின் மதிப்பு' என்று ஒரு வரி வந்தது. அதோடு அந்த யோசனையை விட்டுவிட்டேன். பெயருக்கு ஒரு சொல், அது தாங்கும் பொருளுக்கு ஒரு சொல் என்று இரண்டு தேவை. மாறி, மதிப்பு என்ற ஜோடியை எல்லோரும் ஏற்கெனவே படித்திருக்கிறார்கள்.

சரி, இப்போது அந்த இடைவெளி. கையேட்டில் நான் எழுதிய ஒரு வரி இது: 'சூழல் மாறி வேலை செய்யவில்லை என்றால் முனையத்தை மூடித் திறக்கவும்.' நண்பர் ஒருவர் படித்துவிட்டு, 'சூழல் எப்போது மாறியது?' என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். மாறி என்பது பெயர்ச்சொல் மட்டுமா? 'ஊர் மாறிப் போனார்' என்பதில் வரும் வினையெச்சமும் அதுவே. சூழல் மாறியதால் வேலை செய்யவில்லை என்று அந்த வரியைத் தாராளமாகப் படிக்கலாம். கடத்தி, இயக்கி எல்லாவற்றுக்கும் இந்த இரட்டைப் பிறவி உண்டு என்றாலும், எழுவாய் போல நிற்கும் ஒரு சொல் முன்னால் வரும்போது குழப்பம் இரட்டிப்பாகிறது. 'சூழல்' அப்படித்தான் நிற்கிறது.

சேர்த்து 'சூழல்மாறி' என்று எழுதினால் இது தீர்ந்துவிடுகிறது. ஒரே சொல்லாகக் கண்ணில் படும்போது வினையெச்சமாகப் படிக்க யாருக்கும் தோன்றாது. சூழல்மாறியை, சூழல்மாறிக்கு, சூழல்மாறிகளில் என்று வேற்றுமை உருபுகளும் தடங்கலில்லாமல் ஏறுகின்றன. பழைய புணர்ச்சி விதிப்படி லகரம் னகரமாகி 'சூழன்மாறி' என்று வர வேண்டும், கல்லும் மலையும் சேர்ந்து கன்மலை ஆவது போல. ஆனால் இன்று கடன்மீன் என்று எழுதுகிறோமா? கடல்மீன் என்றுதானே எழுதுகிறோம். படிக்கிறவருக்கு இரண்டு பகுதிகளும் தெரிய வேண்டிய கலைச்சொல்லில் லகரத்தை அப்படியே விடுவதுதான் சரி என்பது என் முடிவு.

மாறி என்று தனியாக எழுதிவிட்டுப் போகவும் முடியாது. குறிப்பாகத் தரவுத்தளக் கருவிகளில். பிஎஸ்கியூஎல்லுக்கு உள்ளேயே 'செட்' கட்டளையால் அமைக்கும் மாறிகள் இருக்கின்றன. அவை அந்த நிரலோடு பிறந்து அதோடு முடிபவை. சர்வரின் பக்கத்தில் அமைவுகள் என்று இன்னொரு கூட்டம். மூன்றையும் மாறி என்றே சொன்னால் படிக்கிறவர் எங்கே போய்த் தேடுவார்? நான் உள்மாறி, சூழல்மாறி, சர்வர் அமைவு என்று பிரித்து எழுதுகிறேன். போஸ்ட்கிரெஸ் 15-ஆம் பதிப்பில் 'கெட்என்வ்' என்ற பிஎஸ்கியூஎல் கட்டளை வந்தது. ஒரு சூழல்மாறியின் மதிப்பை எடுத்து உள்மாறியில் வைப்பதுதான் அதன் வேலை. இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் இல்லாமல் அந்த ஒரு வரியைக்கூடத் தமிழில் விளக்க முடியாது.

சொல் கிடைத்துவிட்டால் விளக்கம் எழுதிவிடலாம் என்று நினைத்தேன். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் நடந்தது அந்த நினைப்பை மாற்றியது. அங்கே தினமும் இரவில் 'பிஜிடம்ப்' என்ற போஸ்ட்கிரெஸ் கருவி மூலம் காப்புநகல் எடுக்க, குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாகத் தொடங்கும் க்ரானில் ஒரு வரி போட்டிருந்தோம். பகலில் முனையத்தில் ஓட்டிப் பார்த்தபோது சரியாக வந்தது, ஏனென்றால் பிஜிஹோஸ்ட் எங்கள் உள்நுழைவுக் கோப்பில் அமைக்கப்பட்டிருந்தது. க்ரான் அந்தக் கோப்பைப் படிப்பதில்லை. தான் தொடங்கும் நிரல்களுக்கு மிகச் சிறிய கட்டுச்சோறுதான் தருகிறது. பிஜிஹோஸ்ட் இல்லாத பிஜிடம்ப் பிழை எதுவும் சொல்லாமல் அதே கணினியில் இருந்த சர்வரைத் தேடிப்போனது. அங்கே சோதனைக்கு வைத்திருந்த பழைய நகல் ஒன்று அதே பெயரில் இருந்தது. ஒவ்வொரு நாள் காலையும் கோப்பு வந்தது, அளவும் ஏறக்குறையச் சரியாக இருந்தது, உள்ளே இருந்ததெல்லாம் சில மாதம் பழைய தரவு. ஒரு நாள் மீட்டெடுக்கப் போனபோதுதான் தெரிந்தது. நாங்கள் வைத்திருந்த குறிப்பேட்டில் 'பிஜிஹோஸ்ட்: சர்வரின் பெயர்' என்ற மூன்றே சொற்கள் இருந்தன. பொய் இல்லை. ஆனால் அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் எழுதவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு சூழல்மாறிக்கும் அது இல்லாதபோது நடப்பதையும், மோதல் வந்தால் எது வெல்லும் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். ஒரு பதிவு இப்படி இருக்கும்:

'பிஜிபோர்ட்: சர்வர் இணைப்புக்குக் காத்திருக்கும் போர்ட் எண். கட்டளையிலேயே போர்ட் எண் கொடுத்தால் அதுவே செல்லும். சர்வீஸ் கோப்பு (இணைப்பு விவரங்களை ஒரு பெயரில் சேர்த்து வைக்கும் கோப்பு) பயன்பாட்டில் இருந்து அதில் எண் இருந்தால் அடுத்து அது. இரண்டும் இல்லாதபோது இந்தச் சூழல்மாறியின் மதிப்பு. இதுவும் அமைக்கப்படாவிட்டால் வழக்கமாக 5432.'

பயனர் பெயரைச் சொல்லும் பிஜியூசருக்கு இதே வரிசை. கடைசியில் கணினியில் உள்நுழைந்த பயனரின் பெயர். பிஜிடேட்டாபேஸ் இல்லாவிட்டால் பயனர் பெயரே தரவுத்தளத்தின் பெயராக எடுத்துக்கொள்ளப்படும். புதிதாக வருகிறவர்கள் தங்கள் பெயரிலேயே தரவுத்தளம் இல்லை என்ற பிழையைப் பார்த்துத் திகைப்பது இதனால்தான். இன்னொரு தரவுத்தளமான மைஎஸ்கியூஎல்லிலும் சூழல்மாறிக்கு அடிமட்ட இடம்தான்: முதலில் சூழல்மாறியைப் படிக்கும், அதன் மேல் அமைவுக் கோப்பு, அதற்கும் மேல் கட்டளையில் தட்டியது. எஸ்கியூலைட் என்ற தரவுத்தளத்துக்கு சர்வரே இல்லை. எனவே அதற்குச் சொல்ல வேண்டிய சூழல்மாறிகள் மிகக் குறைவு.

தமிழ்த் தரவோடு வேலை செய்பவர்கள் பிஜிகிளையண்ட்என்கோடிங் என்பதைத் தவற விடக்கூடாது. முனையத்தில் நேரடியாக ஓட்டும்போது பிஎஸ்கியூஎல் எழுத்துக் குறிமுறையைக் கணினியின் மொழி அமைவிலிருந்து ஊகித்துக்கொள்ளும். விண்டோஸ் முனையத்தில் அந்த ஊகம் தமிழைத் தாங்காத குறிமுறையாக இருக்கலாம். யுடிஎஃப்8 என்று நாமே சொல்லிவிட்டால் ஊகத்துக்கு இடமில்லை. முனையமும் அதே குறிமுறையில் இருக்க வேண்டும் என்பதையும் பதிவில் சேர்க்க வேண்டும்.

கடவுச்சொல் விஷயத்தில் மட்டும் குரலை உயர்த்தி எழுதலாம். பிஜிபாஸ்வேர்டு என்ற சூழல்மாறி இருக்கிறது, வேலையும் செய்கிறது. ஆனால் சில இயங்குதளங்களில் மற்றப் பயனர்களும் ஒரு செயல்முறையின் சூழலைப் பார்க்க முடியும் என்பதால் போஸ்ட்கிரெஸ் ஆவணமே அதைப் பரிந்துரைப்பதில்லை. மைஎஸ்கியூஎல்லின் இணையான சூழல்மாறியும் கைவிடப்படும் பட்டியலில் இருக்கிறது. போஸ்ட்கிரெஸில் இதற்குத் தனிக் கடவுச்சொல் கோப்பு உண்டு. யூனிக்ஸில் அதன் அனுமதி 0600-ஐ (உரிமையாளர் மட்டும் படிக்கவும் எழுதவும் முடியும் என்பதை) விடத் தளர்வாக இருந்தால் நிரல் அந்தக் கோப்பைக் கண்டுகொள்ளாது. கட்டுச்சோற்றில் வீட்டுச் சாவியை வைத்து அனுப்ப வேண்டாம்.

அப்புறம் வினைச்சொற்கள். பெயரைச் சரியாக வைத்துவிட்டு வினையில் கோட்டை விடுகிறோம். எக்ஸ்போர்ட் என்பதை 'ஏற்றுமதி செய்' என்று எழுதியதைப் பார்த்திருக்கிறேன். துறைமுகம்தான் நினைவுக்கு வருகிறது. ஷெல்லில் பிஜிஹோஸ்ட்டுக்கு வெறுமனே மதிப்பு கொடுத்தால் அது ஷெல்லிடமே தங்கிவிடும், சேய்க்குப் போகாது. எக்ஸ்போர்ட் செய்தால்தான் மூட்டையில் ஏறும். அதனால் முதலாவதற்கு 'அமைத்தல்', இரண்டாவதற்கு 'கொடுத்தனுப்புதல்' என்று எழுதுகிறேன். அன்செட் என்பதற்கு 'நீக்குதல்'. இதை 'காலி செய்தல்' என்று எழுதக்கூடாது, ஏனென்றால் காலியான மதிப்போடு இருக்கும் சூழல்மாறியும் மூட்டையில் போகிறது; நீக்கியது போவதில்லை.