அடுப்பில் வைத்தால் உயிர்பெறும் கிராபிக்ஸ் சிப்

2008 ஜூலை 2 அன்று என்விடியா நிறுவனம் தன் முதலீட்டாளர்களுக்குக் கசப்பான செய்தி ஒன்றைச் சொன்னது. திரையில் தெரியும் படத்தை உருவாக்குவதற்காக மடிக்கணினிகளுக்குத் தான் விற்ற கிராபிக்ஸ் சிப்புகளில் சில வகைகள் வழக்கத்தைவிட அதிகமாகப் பழுதாகின்றன. அவற்றை மாற்றிக் கொடுக்கும் செலவுக்காக 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்க வேண்டியிருக்கிறது. சிப்பைப் பொதிந்திருக்கும் பொருட்கள் பலவீனமானவை என்று காரணம் சொன்னது. டெல், எச்பி, ஆப்பிள் எல்லாருடைய மடிக்கணினிகளிலும் அந்தச் சிப்புகள் இருந்தன.

அதே மாதம் டெல் தன் வாடிக்கையாளர்களுக்குப் பயாஸின், அதாவது கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருளின், புதிய பதிப்பு ஒன்றை வெளியிட்டது. விசிறியை முன்னைவிட அதிக நேரம் ஓடவைப்பதுதான் அதன் வேலை. சிப்பின் வெப்பம் ஏறி இறங்கும் அளவைக் குறைப்பதே நோக்கம் என்று டெல் விளக்கியது. நோய் எங்கே என்பதற்கான துப்பு இதில் இருக்கிறது. தொடர்ந்து சூடாக இருப்பதைச் சிப் ஓரளவு தாங்கிக்கொள்ளும். சூடாவதும் ஆறுவதுமாக ஆண்டுக்கணக்கில் மாறி மாறி நடப்பதுதான் அதைச் சாய்க்கிறது.

கிராபிக்ஸ் சிப் என்று நாம் பார்க்கும் பச்சைச் சதுரத்தின் நடுவே கண்ணாடிபோல் மின்னும் சிறிய துண்டுதான் உண்மையான சிப், அது சிலிக்கான். பச்சை நிறத்தில் இருப்பது பிசினும் செம்பும் அடுக்கிய அடித்தட்டு. இரண்டையும் நூற்றுக்கணக்கான நுண்ணிய சால்டர் புள்ளிகள், அதாவது உருக்கி ஒட்டும் உலோகப் புள்ளிகள், இணைக்கின்றன. ஒவ்வொன்றின் உயரமும் ஏறக்குறைய 100 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அடித்தட்டுக்குக் கீழே இன்னொரு வரிசை சால்டர் உருண்டைகள் உண்டு. அவை கொஞ்சம் பெரியவை, மதர்போர்டோடு இணைப்பவை.

ஒரு டிகிரி சூடேறும்போது சிலிக்கான் பத்து லட்சத்தில் ஏறக்குறைய 2.6 பங்கு விரிகிறது. அடித்தட்டோ பத்து லட்சத்தில் 16 பங்கு அளவுக்கு விரிகிறது. 13 மில்லிமீட்டர் பக்கமுள்ள ஒரு சிப்பை எடுத்துக்கொள்வோம். மடிக்கணினியைத் திறந்து விளையாட்டு ஒன்றைத் தொடங்கினால் அதன் வெப்பநிலை 60 டிகிரி உயரலாம். நடுவிலிருந்து 9 மில்லிமீட்டர் தள்ளியிருக்கும் மூலையில், மேலே இருப்பதற்கும் கீழே இருப்பதற்கும் ஏறக்குறைய 7 மைக்ரான் வித்தியாசம் வந்துவிடுகிறது. 100 மைக்ரான் உயரமுள்ள புள்ளியின் தலையை ஒரு பக்கமும் காலை மறு பக்கமும் 7 மைக்ரான் இழுப்பது சிறிய வேலை அல்ல. இப்படி நடக்காமல் இருக்கத்தான் புள்ளிகளுக்கிடையே கெட்டியான பிசின் ஒன்றை நிரப்புகிறார்கள். இழுவிசையை அது வாங்கிக்கொள்ளும். சிப் வேலை செய்யும் சூட்டிலேயே அந்தப் பிசின் இளகிவிட்டால், பாரம் முழுவதும் புள்ளிகளின் மேல் விழும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் ஒடிவதுபோல, மூலைப் புள்ளிகளில் முதல் விரிசல் விழுகிறது.

அதற்குப் பிறகு திரையில் கோடுகள், வண்ணக் கட்டங்கள், இல்லையென்றால் விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும் கருந்திரை. சிப்பை இயக்கும் மென்பொருளான டிரைவர் கெட்டுப்போனாலும் இதேபோல் தெரியும் என்பதால் பலர் விண்டோஸை அழித்து அழித்து நிறுவுவார்கள். அதற்கு அவசியமில்லை. கணினியைப் போட்டவுடன், விண்டோஸ் வருவதற்கு முன்பே, நிறுவனத்தின் சின்னம் தெரியும் இடத்திலேயே கோடுகள் இருந்தால் பழுது வன்பொருளில். வெளித்திரை ஒன்றைச் செருகிப் பாருங்கள். அதிலும் கோடுகள் வந்தால் சந்தேகம் கிராபிக்ஸ் சிப்பின் மேலோ அதன் நினைவகத்தின் மேலோ விழும். வெளித்திரை தெளிவாக இருந்தால் பழுது மடிக்கணினியின் திரையிலோ அதற்குப் போகும் கேபிளிலோ இருக்கக்கூடும்.

அந்த நிலைக்குப் போகாமல் காப்பது முழுக்க முழுக்கக் குளிரூட்டும் அமைப்பின் பொறுப்பு. சிப்பின் தலையில் வெப்பம் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட், அதன்மேல் செப்புத் தகடு, தகட்டிலிருந்து விசிறிவரை தட்டையான செப்புக் குழாய். குழாய்க்குள் காற்றை நீக்கிவிட்டுச் சில துளி நீரை அடைத்திருப்பார்கள். அழுத்தம் குறைவு என்பதால் நூறு டிகிரி வரவேண்டியதில்லை, அதற்கு வெகு முன்பே நீர் ஆவியாகி வெப்பத்தைச் சுமந்துகொண்டு மறுமுனைக்கு ஓடும். அங்கே உலோக இதழ்களில் குளிர்ந்து நீராகி, குழாயின் உட்சுவரிலுள்ள நுண்துளைகள் வழியாகத் திரும்பிவரும். இதற்கு மோட்டாரும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். மடிக்கணினிக்குள் எனக்கு மிகவும் பிடித்த பாகம் இதுதான், கெட்டுப்போவதும் அரிது.

கெடுவது அதன் இரு முனைகளிலும்தான். விசிறிப் பக்கம் தூசி. வெளியிலிருந்து பார்த்தால் காற்றுத் துவாரம் சுத்தமாகவே தெரியும். ஏனென்றால் தூசி படிவது இதழ்களின் உட்பக்கத்தில், விசிறிக்கும் இதழ்களுக்கும் நடுவே. கம்பளித் துண்டுபோல் உரித்தெடுக்கலாம். வெளியிலிருந்து காற்று ஊதினால் அது விசிறிக்குள் பின்வாங்கி மறுநாள் பழைய இடத்துக்கே வந்துவிடும். திறந்து எடுப்பதுதான் வழி. திறந்தவுடன் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். காற்று அடிக்கும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டுப்பாடில்லாமல் சுழன்றால் அதன் பேரிங் கெடும்.

சிப் பக்கம் பேஸ்ட். தகடும் சிப்பும் வழவழப்பாகத் தெரிந்தாலும் நுண்ணளவில் மேடு பள்ளங்கள்தான். பள்ளங்களில் காற்று நிற்கும். செம்பின் வெப்பக் கடத்துதிறன் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 400 வாட் அளவில் இருக்க, காற்றினுடையது 0.026 மட்டுமே. பேஸ்ட் இந்தக் காற்றை வெளியேற்றத்தான் இருக்கிறது. ஆனால் சூடும் குளிரும் மாறி மாறி வரும்போது இதுவும் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குத் தள்ளப்படுகிறது, மிச்சம் காய்ந்துவிடுகிறது. பழையதை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு அரிசிமணி அளவு புதிது வைத்தால் போதும். தகட்டின் திருகுகளுக்கு அருகில் 1, 2, 3, 4 என்று எண் பொறித்திருந்தால் அந்த வரிசையிலேயே, சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். மடிக்கணினிச் சிப்புகளுக்குப் பெரும்பாலும் மேல்மூடி கிடையாது. ஒரு பக்கத்தை முழுதாக முறுக்கினால் சிலிக்கானின் மூலை உடையும்.

நினைவகச் சிப்புகளின் மேல் இருக்கும் மெத்தைபோன்ற பட்டைகளைத் தூக்கி எறிந்துவிட்டுப் பேஸ்ட் தடவுபவர்கள் இருக்கிறார்கள். அந்த இடைவெளியைப் பேஸ்ட் நிரப்பாது. பழைய பட்டையின் தடிமனிலேயே புதிது வாங்க வேண்டும். தடிமன் கூடினால் தகடு தூக்கிக்கொண்டு கிராபிக்ஸ் சிப்பைத் தொடாமலே நின்றுவிடும்.

இனி அடுப்பு வைத்தியம். மதர்போர்டைக் கழற்றி 200 டிகிரியில் சில நிமிடங்கள் ஓவனில் (மின் அடுப்பில்) வைத்தால் சிப் உயிர்பெறும் என்று இணையமெங்கும் பேசப்பட்டது. உயிர்பெறுகிறது என்பது உண்மை. சால்டர் உருகி மறுபடி ஒட்டிக்கொள்கிறது என்ற விளக்கம்தான் தவறு. அடித்தட்டுக்குக் கீழே உள்ள உருண்டைகளின் ஈயமில்லாத சால்டர் உருக 217 டிகிரி வேண்டும். சிப்புக்குள் இருக்கும், ஈயம் மிகுந்த புள்ளிகளுக்கு 300-க்கும் மேல் தேவை. 200-இல் இரண்டும் அசைவதில்லை. விரிசலின் இரு முகங்களும் சூட்டில் நகர்ந்து தற்காலிகமாகத் தொட்டுக்கொள்கின்றன, அவ்வளவுதான். சில நாளிலோ சில வாரத்திலோ பழைய கோடுகள் திரும்பும். இதை நான் பரிசோதனை என்பேன், பழுதுநீக்கம் என்று சொல்லமாட்டேன். அதையும் சமையலுக்குப் பயன்படுத்தும் ஓவனில் செய்யக்கூடாது.

ரீபாலிங் என்ற பெயரில் கடைகளில் நடக்கும் வேலையும் பலசமயம் இதே கதைதான். அடித்தட்டுக்குக் கீழே உள்ள உருண்டைகளை மாற்றிவிட்டு அதே சிப்பைத் திரும்ப வைக்கிறார்கள், விரிசலோ மேல்மாடியில், சிலிக்கானுக்கும் அடித்தட்டுக்கும் நடுவே. வேலையின்போது கொடுத்த சூட்டிலேயே அது சிறிது காலம் ஓடும். கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி, வைக்கப்போவது புதிய சிப்பா என்பதுதான். என்விடியா சிப்பின் மேல் 0745 போல நான்கிலக்க எண் ஒன்று இருக்கும். 2007-ஆம் ஆண்டின் 45-ஆவது வாரம் என்று பொருள். பழுதான தலைமுறையின் தேதியே அதில் இருந்தால் பணம் வீண்.

தனி கிராபிக்ஸ் சிப்போடு இன்டெல்லின் கிராபிக்ஸும் உள்ள கணினிகளில் இன்னொரு வழி உண்டு. ஆப்பிளின் 2011 மேக்புக் புரோக்களில் ஏஎம்டி நிறுவனத்தின் கிராபிக்ஸ் சிப்புகள் இப்படியே பழுதாகி, 2015 பிப்ரவரியில் ஆப்பிள் இலவசப் பழுதுநீக்கத் திட்டம் அறிவித்தது. திட்டம் முடிந்த பிறகும் பழுதான கணினிகளை வைத்திருந்தவர்கள், அந்தச் சிப்பை நிரந்தரமாக அணைத்துவிட்டு இன்டெல் கிராபிக்ஸை மட்டும் வைத்து ஓட்டினார்கள். வெளித்திரை இணைப்பு போய்விடும். எழுதவும் படிக்கவும் கணினி தேவைப்படுபவருக்கு அது பெரிய இழப்பு இல்லை.