பழைய புகைக்குழலின் வெள்ளிப் பூணில் இருப்பது யாருடைய முத்திரை?

புகையிலை பிடிக்கும் பழைய மரக் குழல் ஒன்றின் தண்டைச் சுற்றி வெள்ளி வளையமான பூண் இருந்தால், அந்தக் குழலைச் செய்தவரைக் கண்டறிவது எளிது என்றே பலர் எண்ணுகிறார்கள். ஆனால் அந்தப் பூணில் உள்ள முத்திரைகள் வெள்ளியைப் பற்றியவையே அன்றி மரத்தைப் பற்றியவை அல்ல. இந்த வேறுபாட்டை மறந்தால், பூணுக்குப் பொறுப்பேற்றவரையே குழலைக் கடைந்தவராகக் கொண்டுவிடுவோம்.

தூய வெள்ளி மிக மென்மையானது என்பதால் அதனுடன் செம்பு சேர்ப்பார்கள். எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதைக் கண்ணால் அறிய முடியாது. ஆகவே இங்கிலாந்தில், 1000 பங்கில் 925 பங்கு வெள்ளி என்னும் ஸ்டெர்லிங் மாற்று இருப்பதைத் தரச்சோதனை நிலையம் உறுதிசெய்த பின்னரே, நடக்கும் சிங்கத்தின் உருவத்தைப் பொறித்தார்கள். அதன் அருகில் உள்ள சின்னம் சோதனை நடந்த ஊரைக் காட்டும்: நங்கூரம் என்றால் பர்மிங்காம், சிறுத்தைத் தலை என்றால் லண்டன், வாளும் மூன்று கோதுமைக் கதிர்க்கட்டுகளும் என்றால் 1962இல் மூடப்பட்ட செஸ்டர் நிலையம். மூன்றாவதாக வரும் ஒற்றை எழுத்து ஆண்டைக் குறிக்கும். ஒவ்வொரு நிலையமும் தனக்கென ஓர் எழுத்து வரிசையை வைத்திருந்ததால், ஊர்ச் சின்னத்தை முதலில் அறியாமல் இந்த எழுத்தைப் படிப்பதில் பயனில்லை. எழுத்தின் வடிவத்தையும் அதைச் சூழ்ந்த சட்டத்தின் வெளிக்கோட்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஆண்டு சரியாகக் கிடைக்கும். அந்த ஆண்டும் வெள்ளி சோதிக்கப்பட்ட ஆண்டுதான். முத்திரை பெற்ற பூண்களைச் சேர்த்து வைத்து, பிறகு தேவைப்பட்டபோது குழலில் பொருத்தியிருக்கலாம்.

இனி பூணில் இவற்றோடு பொறித்திருக்கும், பெயரின் தலைப்பெழுத்துகளுக்கு வருவோம். இவை பொருளைச் சோதனைக்கு அனுப்பியவரின் பதிவுக் குறி. அவர் குழல் செய்பவராகவும் இருக்கலாம், பூண் மட்டும் செய்துகொடுத்த வெள்ளிக் கொல்லராகவும் இருக்கலாம். லண்டனின் பார்லிங் நிறுவனக் குழல்களில் 'இ.பி., டபிள்யூ.பி.' என்னும் குறி இருக்கும்; அங்கே இரண்டு பொறுப்பும் ஒரே குடும்பத்தினருடையது. டப்ளினின் காப் அண்ட் பீட்டர்சன் நிறுவனத்தின் 'கே அண்ட் பி' குறியும் அப்படிப்பட்டதே. ஆனால் அதே நிறுவனத்தின் நிக்கல் பூண்களில் காணப்படும் மூவிலை, ஓநாய் வேட்டை நாய், கோபுரம் ஆகிய மூன்றும் வெறும் அலங்காரமே. வெள்ளி முத்திரை என்று எண்ணி அவற்றில் ஆண்டைத் தேடுவது வீண்.

முத்திரைகளைப் படிக்கும் முறையில் பொறுமை வேண்டும். முத்திரை வெள்ளியில் மிக ஆழமின்றிப் பதிந்த பள்ளம் என்பதால், விளக்கை நேராகப் பிடிக்காமல் பூணின் பக்கவாட்டிலிருந்து தாழ்வாகப் பிடித்து, பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியால் பார்த்தால், தேய்ந்த கோடுகளும் நிழலாக எழுந்து வரும். பள்ளத்தில் தங்கிய கறுப்பு, அதாவது வெள்ளியும் கந்தகமும் சேர்ந்து உண்டான சல்பைடு, எழுத்துகளைத் தெளிவாகக் காட்டும் என்பதால், படித்து முடிக்கும்முன் மெருகேற்றவே கூடாது. மெருகேற்றும் ஒவ்வொரு முறையும் வெள்ளி சிறிது தேயும். எத்தனையோ நல்ல குறிகள் இப்படித்தான் அழிந்துபோயின.

அடுத்து மரமும் வாய்த்துண்டும். புகையிலை இடும் கிண்ணமும் தண்டும் பெரும்பாலும் எரிக்கா ஆர்போரியா என்னும் புதர்ச்செடியின் வேர்க்கட்டையில் கடைந்தவை. பிரான்சின் சான் குளோட் நகரில் கடைந்த கிண்ணங்களை வாங்கித் தம் பெயரில் விற்ற வணிகர்களும் இருந்தார்கள் என்பதால், மரத்தில் பதித்த பெயர்கூடக் கடைந்தவரின் பெயராக இருக்க வேண்டியதில்லை. வாய்த்துண்டு பேக்கலைட் என்னும் செயற்கைப் பிளாஸ்டிக்கால் ஆனது என்றால் அது 1907க்குப் பிற்பட்டது. பூண் 1890ஆம் ஆண்டினதாக இருந்தால், வாய்த்துண்டு பின்னர் மாற்றப்பட்டது என்றோ பூண் வேறொரு குழலிலிருந்து வந்தது என்றோதான் கொள்ள வேண்டும்.

எனவே கடைசியாகப் பூணின் விளிம்பைக் கூர்ந்து பார்க்க வேண்டும். தண்டில் பதித்த பெயரின் பாதி பூணுக்குள் மறைந்திருந்தாலோ, விளிம்பிலிருந்து மெல்லிய விரிசல் ஒன்று கிண்ணத்தை நோக்கி ஓடினாலோ, அந்தப் பூண் உடைந்த தண்டை இறுக்குவதற்காகப் பின்னர் போடப்பட்டதாகவே பெரும்பாலும் இருக்கும். அப்போது வெள்ளியில் உள்ள தலைப்பெழுத்துகளை விட்டுவிட்டு, வெளியே தெரியும் அந்தப் பாதிப் பெயரிலிருந்துதான் குழலைச் செய்தவரைத் தேடத் தொடங்க வேண்டும்.