$ குறி போட்டால் ஃபோல்டர் பாதுகாப்பாகிவிடாது

நெட்வொர்க்கில் மற்றவர்களோடு பகிரும் ஃபோல்டரை ஷேர் என்பார்கள். அந்த ஷேர் பெயரின் கடைசியில் ஒரு $ குறி போட்டுவிட்டால் அந்த ஃபோல்டர் யார் கண்ணிலும் படாது என்று கிளை அலுவலகங்களில் நிறைய பேர் உறுதியாக நம்புகிறார்கள். தலைமை அலுவலகத்தில் இருந்துகொண்டு விபிஎன் வழியாகக் கிளைகளின் கம்ப்யூட்டர்களைப் பராமரிப்பது என் வேலை. அந்த நம்பிக்கையில் எதையெல்லாம் திறந்துபோட்டு வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்துதான் இதை எழுதுகிறேன்.

அது எப்படி மறைகிறது என்று தெரிந்தாலே பாதி நம்பிக்கை போய்விடும். "உன்னிடம் என்னென்ன ஷேர் இருக்கிறது" என்று நெட்வொர்க்கில் ஒரு கம்ப்யூட்டரைக் கேட்டால், அது $ உள்ளது, இல்லாதது எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பட்டியலை அனுப்புகிறது. கேட்ட பக்கத்தில் உள்ள விண்டோஸ் எக்ஸ்புளோரர்தான் $ குறியில் முடியும் பெயர்களை விட்டுவிட்டு மிச்சத்தைக் காட்டுகிறது. லினக்ஸில் எஸ்எம்பிகிளையன்ட் என்ற கமாண்டை வைத்துக் கேட்டால் முழுப் பட்டியலும் வந்து விழும். விண்டோஸிலேயே கமாண்ட் ப்ராம்ப்ட்டில் நெட் வியூ என்று அடித்து, இரண்டு பின்சாய்வுக் கோடு போட்டுக் கம்ப்யூட்டர் பெயரைக் கொடுத்து, கடைசியில் ஒரு சாய்வுக் கோடும் ஆல் என்ற சொல்லும் சேர்த்தால் போதும். இதற்கு அட்மின் உரிமை தேவையில்லை, டொமைனில் (அலுவலகக் கம்ப்யூட்டர்களையும் லாகின்களையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் அமைப்பில்) சாதாரண லாகின் உள்ள ஊழியருக்கே பெரும்பாலும் பெயர்கள் தெரிந்துவிடும்.

வரும் பட்டியலில் சி$, டி$, அட்மின்$, ஐபிசி$ இருந்தால் பதற வேண்டாம், அவை விண்டோஸ் தானாக உருவாக்கிக்கொள்பவை. சி$ என்பது முழு சி டிரைவ், அட்மின்$ என்பது விண்டோஸ் ஃபோல்டர். ஐபிசி$ என்பது ஃபோல்டர் இல்லை, கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வழி. அது தவிர மற்றவற்றுக்குள் அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை உள்ளவர்தான் நுழைய முடியும். அழித்தாலும் கம்ப்யூட்டரை மறுபடி ஆன் செய்ததும் திரும்ப வந்துவிடும். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஆட்டோஷேர்டபிள்யூகேஎஸ் என்ற மதிப்பை 0 ஆக்கி நிரந்தரமாக நிறுத்தலாம்தான், ஆனால் நான் அதைச் சொல்லமாட்டேன், தொலைவிலிருந்து பராமரிக்கும் பல டூல்கள் இவற்றை நம்பித்தான் ஓடுகின்றன. உண்மையான ஆபத்து, எல்லாக் கிளைகளிலும் லோக்கல் அட்மினிஸ்ட்ரேட்டருக்கு ஒரே பாஸ்வேர்டை வைப்பது. 2017 ஜூன் 27 அன்று பரவிய நாட்பெட்யா என்ற நாச நிரல் நினைவிருக்கிறதா? ஒரு கம்ப்யூட்டரின் நினைவகத்திலிருந்து லாகின் விவரங்களைத் திருடி, அவற்றை வைத்து அடுத்த கம்ப்யூட்டரின் அட்மின்$ ஷேருக்குள் தன்னைக் காப்பி செய்து, அங்கிருந்து ஓட ஆரம்பித்தது. அது பரவிய வழிகளில் அதுவும் ஒன்று. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனித்தனி பாஸ்வேர்டு வைத்து மாற்றிக்கொண்டே இருக்கும் லாப்ஸ் வசதி 2023 ஏப்ரல் அப்டேட்டிலிருந்து விண்டோஸுக்குள்ளேயே வருகிறது, டொமைன் வைத்திருப்பவர்கள் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

இன்னொரு விஷயம். விஸ்டா காலத்திலிருந்து, விண்டோஸோடு வரும் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு தவிர, நாமாக உருவாக்கிய லோக்கல் அட்மின் கணக்கில் நெட்வொர்க் வழியாக சி$ திறக்கப் போனால் அனுமதி மறுக்கப்படும். இது பிழை இல்லை, நம்மைக் காப்பதற்காக வைத்த தடை. லோக்கல்அக்கவுன்ட்டோக்கன்ஃபில்டர்பாலிசி என்ற ரெஜிஸ்ட்ரி மதிப்பை 1 ஆக்கினால் சரியாகிவிடும் என்று இணையத்தில் படித்துவிட்டு எல்லாக் கம்ப்யூட்டரிலும் அதைப் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள்.

ஆனால் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது விண்டோஸ் உருவாக்கும் ஷேர்கள் இல்லை, மனிதர்கள் உருவாக்குபவை. ஜெராக்ஸ் மெஷினில் ஸ்கேன் செய்தது கம்ப்யூட்டருக்கு வர வேண்டும், வரவில்லை, சர்வீஸுக்கு வந்தவர் அவசரத்தில் ஸ்கேன்$ என்று ஒரு ஷேர் போட்டு எவ்ரிஒன் (எல்லோரும்) என்பதற்கு ஃபுல் கண்ட்ரோல் (முழு அனுமதி) கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். மெஷின் வேலை செய்கிறது, அப்புறம் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு கிளையில் அப்படி ஒரு ஃபோல்டர். தேதியும் நேரமும் மட்டுமே பெயராகக் கொண்ட பிடிஎஃப் கோப்புகள் வரிசையாக நிற்கின்றன, பல வருடத்துக்குரியவை. அந்தக் கிளையின் மேலாளரை வைத்துக்கொண்டே திறந்து பார்த்தோம்: வாடிக்கையாளர்களின் ஆதார் நகல், பான் கார்டு, பாஸ்புக் முதல் பக்கம், ஊழியர்களின் சம்பளச் சீட்டு. அந்த அலுவலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், அழிக்கலாம். இதே நிலையில் டேலி டேட்டா ஃபோல்டரையும், கொடுமையாக பேக்கப் ஃபோல்டரையும் பார்த்திருக்கிறேன். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் தேடும்போது எக்ஸ்புளோரரைத் திறந்து பார்ப்பதில்லை, முழுப் பட்டியலைக் கேட்டு வாங்குகிறது, எழுத அனுமதி உள்ள பேக்கப் கிடைத்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடுகிறது.

ஷேருக்கு வைக்கும் ஷேர் அனுமதி, டிஸ்க்கில் உள்ள ஃபோல்டருக்கே வைக்கும் என்டிஎஃப்எஸ் அனுமதி என்று இரண்டு உண்டு, நெட்வொர்க் வழியாக வருபவருக்கு இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். இரண்டிலும் எவ்ரிஒன் இருந்தால் தடுக்க எதுவும் இல்லை. விண்டோஸின் கமாண்ட் கருவியான பவர்ஷெல்லில் கெட்-எஸ்எம்பிஷேர் எல்லா ஷேர்களையும் அவை எந்த ஃபோல்டரைக் காட்டுகின்றன என்பதையும் தரும், கெட்-எஸ்எம்பிஷேர்ஆக்சஸ் யாருக்கு என்ன அனுமதி என்று தரும். கமாண்ட் வேண்டாம் என்றால் கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட் திறந்து கிளைக் கம்ப்யூட்டரோடு இணைத்து, ஷேர்டு ஃபோல்டர்ஸ் பகுதியைப் பாருங்கள். பட்டியலைக் கிளை மேலாளருக்கு அனுப்பி, ஒவ்வொரு ஷேரும் எதற்கு, யாருக்கு என்று கேளுங்கள். பதில் வராதவற்றை அன்றே அழித்துவிடாதீர்கள், முதலில் அனுமதியைப் படிக்க மட்டும் என்று குறைத்துவிட்டு சில நாள் காத்திருங்கள், வேலை நின்றால் யாராவது கூப்பிடுவார்கள்.

இதையெல்லாம் உங்கள் பொறுப்பில் உள்ள கம்ப்யூட்டர்களில், நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வ ஒப்புதலோடு மட்டும் செய்யுங்கள். அனுமதியின்றி அடுத்தவர் கம்ப்யூட்டருக்குள் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆம் பிரிவில் வருகிறது, கெட்ட நோக்கத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை. "திறந்துதானே கிடந்தது" என்ற பதில் அங்கே எடுபடாது. ஒப்புதல் இருந்தாலும் பெயரையும் அனுமதியையும் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கோப்பைத் திறக்க வேண்டியிருந்தால் அதற்குரியவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திறங்கள்.

ஆடிட் பாலிசியில் ஃபைல் ஷேர் பதிவையும் ஆன் செய்துவிடுங்கள். அதன்பின் யாராவது ஷேரைத் தொட்டால் செக்யூரிட்டி லாகில் 5140 என்ற எண்ணில், எந்த லாகின், எந்த ஐபி முகவரி என்பதோடு விழும். கணக்குப் பிரிவு ஊழியரின் லாகின் ராத்திரி 2 மணிக்கு வரிசையாகப் பல கிளைகளைத் தொட்டிருந்தால், விடியும்வரை காத்திருக்காமல் அந்தக் கணக்கை முடக்கிவிட்டு, அது வந்த கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கேபிளைக் கழற்றச் சொல்லுங்கள்.